சாலைக்குப் போன கிணறு

தெம்பனிஸ்,
9 மார்ச் 2025

அன்புள்ள கபிலன் அண்ணனுக்கு,

திவ்யதர்ஷினி எழுதுகிறேன். பெர்த்தில் நீங்களும் அண்ணியும் பெரியப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். உங்கள் கடிதம் வந்து நான்கு மாதம் ஆகிவிட்டது. கோபத்தில் பதில் போடவில்லை என்று நினைத்திருப்பீர்கள். கோபம் இல்லை அண்ணா. பதில் எனக்குத் தெரியவில்லை, அதைத் தேடிக்கொண்டிருந்தேன். இடையில் குழந்தை ரக்ஷனாவுக்கு இரண்டு முறை காய்ச்சல் வேறு. இப்போது சளி மட்டும்தான். ஆனாலும் அவள் இருமும் ஒவ்வொரு முறையும் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போய்ப் பார்க்கிறேன். அதனால் இந்தக் கடிதம் விட்டு விட்டுத்தான் போகும்.

அவளுக்குக் காது குத்த உங்கள் மடியைக் கேட்டேன். எனக்குக் கூடப்பிறந்தவர் யாரும் இல்லை. பங்காளி முறையில் பார்த்தால் நீங்கள்தான் அவளுக்குத் தாய்மாமன். நீங்களும் சரி என்றுதான் எழுதியிருந்தீர்கள். பெரியப்பா சொன்னதையும் மறைக்காமல் எழுதியிருந்தீர்கள்: “நம்ம பங்கையும் சேத்து முழுங்கின வீடு அது. அந்த ரோட்டுப் பணம் எங்க போச்சுன்னு முதல்ல சொல்லட்டும்.” உங்கள் அப்பா பேச்சை மீறி வர மாட்டேன் என்றும் எழுதியிருந்தீர்கள். அது எனக்குப் புரிகிறது.

ஏழாம் மாதம் போய்விட்டது, ஒன்பதும் போய்விட்டது. ஏப்ரலில் பதினொன்று. அதையும் விட்டால் மூன்று வயதுவரை காத்திருக்க வேண்டும் என்கிறார் என் மாமியார். “எதுக்கும்மா இவ்ளோ ஆராய்ச்சி, கோயில்ல யாராவது ஒரு பையனைப் பிடிச்சு மாமான்னு உக்கார வெச்சா போச்சு” என்றும் சொல்லிவிட்டார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

அந்த ரோட்டுப் பணத்தைப் பற்றி முதலில் என் அப்பாவைக் கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. “நாம வாங்கினோமா? அவங்கதான் வாங்கினாங்க. அதுக்கப்புறம்தானே கூரையைப் பிரிச்சு ஓடு போட்டாங்க? அது யார் காசு?” என்றார். அப்போதுதான் எனக்கு விசித்திரமாகப் பட்டது. தொண்ணூறு வருஷமாக நீங்கள் எங்களைத் திருடர் என்கிறீர்கள், நாங்கள் உங்களைச் சொல்கிறோம். பணம் ஒன்றுதானே, இரண்டு வீட்டுக்கும் எப்படிப் போயிருக்கும்? இதை யாருமே கேட்டதில்லையா?

சாலைக்கு நிலம் எடுப்பதாக அந்தக் காலத்தில் வந்த அறிவிப்பின் நகலைக் கடிதத்தோடு அனுப்பியிருந்தீர்களே, அதில் நில எண் இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஆவணக் காப்பகத்துக்கு எழுதினேன். ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு மூன்று நாள் போனேன். மூன்று நாளும் நான் போன பிறகு அவள் சாப்பிடவே இல்லையாம். அந்தக் குற்ற உணர்ச்சியோடுதான் படித்தேன்.

1934-ம் வருஷத்துக் கோப்பு. சிராங்கூன் சாலையிலிருந்து ஒரு பொதுச் சாலை பிரித்துப் போட, அண்ணன் சுந்தரேசன், தம்பி சுப்பிரமணியம் இருவர் பெயரிலும் கூட்டாக இருந்த நிலத்தில் நடுவே ஒரு துண்டை எடுத்திருக்கிறார்கள். நம் கொள்ளுத்தாத்தாக்கள் இருவரும் பால் வியாபாரம் செய்தது உங்களுக்கே தெரியும். வெள்ளைக்கார அரசாங்கம் எதையும் விடாமல் எண்ணியிருக்கிறது அண்ணா. மாட்டுக்கொட்டகைக்கு இவ்வளவு. தென்னை மரம் மூன்றுக்கும் தனித்தனியாக இவ்வளவு. கிணற்றுக்குத் தனி விலை. கடைசியில் ஒரு கழித்தல் வேறு. சாலை வந்தால் மீதி நிலத்துக்கு மதிப்பு ஏறுமாம், அதற்காக ஒரு பிடித்தம். என் கணவர் சரத்திடம் சொன்னேன். அவர் துவாஸில் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். “நிலத்தையும் எடுத்துக்கிட்டு, எடுத்ததால உனக்குத்தான் லாபம்னு சொல்றாங்களா? நல்ல கணக்கு லா” என்று சிரித்தார்.

கோப்பில் ஒரு வரைபடமும் இருந்தது. ஆசை விடவில்லை. ஒரு சனிக்கிழமை ரக்ஷனாவைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு அந்தச் சாலைக்கே போய், மூலையிலிருந்து அடி அடியாகக் காலால் அளந்தேன். கிணறு இருந்த இடம் ஒரு கைப்பேசிக் கடை வாசலில், சாலையோர மஞ்சள் கோட்டுக்குமேல் வருகிறது. கடைக்காரர் சேக் தாவூது வெளியே வந்து என்னம்மா தொலைத்தீர்கள் என்று கேட்டார். கிணற்றைத் தேடுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் என்னையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவரும் வரைபட நகலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அதான் மழை பெஞ்சா என் வாசல்ல மட்டும் தண்ணி நிக்குது. நான் இத்தனை வருஷமா டவுன் கவுன்சிலைத் திட்டிட்டிருக்கேன்” என்றார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பதற்றத்தில் சுற்றி வளைக்கிறேன்.

பணம் வாங்க இருவரும் பத்திரத்தோடு சேர்ந்து வர வேண்டும் என்று நாள் குறித்திருக்கிறார்கள். யாரும் வரவில்லை. இரண்டாம் முறையும் வரவில்லை. மூன்றாம் முறை ஒரு தமிழ்க் குமாஸ்தாவை வீட்டுக்கே அனுப்பியிருக்கிறார்கள். அவர் கேட்டுவந்ததை ஆங்கிலத்தில் எழுதிவைத்திருக்கிறார். நகல் இணைத்திருக்கிறேன். பெரியப்பாவுக்காக அதைத் தமிழில் எழுதுகிறேன்:

‘மூத்தவரைக் கொட்டகையில் பார்த்தேன். தம்பிக்கு ஆறு பிள்ளைகள், பணம் முழுவதையும் அவனே வாங்கிக்கொள்ளட்டும், தனக்கு வேண்டாம் என்கிறார். தான் இப்படிச் சொன்னதாகத் தம்பியிடம் சொல்லக் கூடாது, சொன்னால் அவன் வாங்க மாட்டான் என்கிறார். இளையவரை வீட்டில் பார்த்தேன். அண்ணன் இருக்கும்போது தான் போய்க் கை நீட்டுவது முறையில்லை, அண்ணன் வாங்கித் தருவதைத் தருவார் என்கிறார். இருவரும் கையெழுத்திட மறுத்துவிட்டனர்.’

அவ்வளவுதான் அண்ணா. அடுத்த தாளில், உரியவர்கள் வராததால் தொகை முழுவதும் நீதிமன்றத்தில் கட்டப்பட்டது என்று ஒரு வரி. அதற்குப் பிறகு யுத்தம் வந்தது, ஜப்பான்காரன் வந்தான். அந்தப் பணத்தைக் கேட்டு யாரும் போனதாக ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அங்கிருந்த அதிகாரியிடம் இரண்டு முறை கேட்டேன். இல்லவே இல்லை என்றார்.

நாங்களும் வாங்கவில்லை, நீங்களும் வாங்கவில்லை.

என் கொள்ளுத்தாத்தா சுந்தரேசன், கொடுத்தது கொடுத்ததுதான், ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம். எதைக் கொடுத்தார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் விளங்கியதில்லை. இப்போது விளங்குகிறது. தம்பி வாங்கிக்கொண்டான், வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அவர் நினைத்திருக்கிறார். அண்ணன் வாங்கிக்கொண்டார், கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று உங்கள் கொள்ளுத்தாத்தா நினைத்திருக்கிறார். பக்கத்துப் பக்கத்துக் கொட்டகை. வாய்திறந்து கேட்டால் மரியாதைக் குறைவு என்று இரண்டு பேரும் கேட்கவே இல்லை. பணத்துக்காகச் சண்டை என்பதெல்லாம் பிள்ளைகள் காலத்தில் வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

நேற்று அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். மறுபடி படி என்றார். படித்தேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, “ரெண்டு பேருமே வாங்கலியா?” என்றார். பிறகு கீழே காப்பிக்கடைக்குப் போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்து வந்து, வேறு ஏதோ பேசுவதுபோல, உங்க பெரியப்பாவுக்குச் சர்க்கரை இருக்கா என்று கேட்டார். அவர் வாயிலிருந்து ‘உங்க பெரியப்பா’ என்ற சொல்லை நான் கேட்டது இதுதான் முதல் முறை.

அங்கே போன் பண்ணுங்கள் அப்பா என்றேன். எண்ணை எழுதிக் கையிலும் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நேற்று முழுக்கப் பேசவில்லை, இன்றும் பேசவில்லை. கேட்டதற்கு, “அவர் பெரியவர். நான் முந்திக்கிட்டுப் பேசினா மரியாதையா இருக்காது. அவரே பேசட்டும்” என்கிறார்.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அங்கே பெரியப்பா இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு என்ன சொல்வார் என்றும் எனக்குத் தெரியும். தப்பு அவங்க பக்கமும் இருக்கு, சின்னவன்தானே, அவனே கூப்பிடட்டும் என்பார். இருவரும் காத்திருப்பார்கள். ஏப்ரல் போய்விடும்.

ஆகவே ஒன்று செய்வோம் அண்ணா. இந்தக் கடைசித் தாளை மட்டும் பெரியப்பாவிடம் காட்டாதீர்கள். மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. பெர்த்திலும் அதே பத்து மணிதான். நான் இங்கிருந்து உங்களை அழைக்கிறேன். நீங்கள் எடுங்கள். நாம் இருவரும் எதுவும் பேச வேண்டாம். நீங்கள் கைப்பேசியைப் பெரியப்பா கையில் கொடுத்துவிடுங்கள், நான் அப்பா கையில் கொடுத்துவிடுகிறேன். யார் யாரைக் கூப்பிட்டது என்று இருவரிடமும் சொல்ல வேண்டாம். அண்ணன் கூப்பிட்டதாக ஒருவரும், தம்பி கூப்பிட்டதாக ஒருவரும் நினைத்துக்கொள்ளட்டும். கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்கும். பயந்துபோய்க் கைப்பேசியைத் திரும்ப வாங்கிவிடாதீர்கள். நானும் வாங்க மாட்டேன்.

பெரியப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நேரத்துக்கு மாத்திரை போடச் சொல்லுங்கள். உங்களுக்கும் அண்ணிக்கும் எந்தக் குறையும் வராமல் இருக்க வேண்டும். என் குழந்தைக்கு ஒரு மாமன் வேண்டும், வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

உங்கள் தங்கை,
திவ்யதர்ஷினி