மாமா பேசும் பழைய வசனம்

ஜனவரி 21, புதன்

புது நாடகத்தின் முதல் காட்சியை மறுபடியும் மாற்றினேன். பேருந்தில் நின்றுகொண்டே.

போன நாடகத்துக்கு விருது வருவதற்கு முன்னால் நான் எழுதுவதை யாரும் எட்டிப் பார்த்ததில்லை. நிம்மதியாகத் தப்பும் தவறுமாக எழுதினேன். இப்போது ஒவ்வொரு வரிக்கும் பின்னால் யாரோ கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ‘இதுக்கா குடுத்தாங்க?’ என்று கேட்கிறார்கள். யார் கேட்பது? யாரும் இல்லை. நான்தான்.

என் வீட்டுக்காரர் விருதை ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருக்கிறார். தண்ணீர் எடுக்கப் போனால்கூட அது முறைக்கிறது.

ஜனவரி 24, சனி

இன்று ஒத்திகையில் சின்ன மாமா மூன்று இடத்தில் தடுமாறினார். தடுமாறினார் என்றும் சொல்ல முடியாது. கணீரென்று பேசினார், ஆனால் நான் புதன்கிழமை எழுதிக் கொடுத்ததைப் பேசவில்லை. போன மாதம் எழுதியதைப் பேசினார்.

அம்மாவின் கடைசித் தம்பி. என் முதல் நாடகத்தில் ஆள் கிடைக்காமல் அவரை இழுத்து வந்து நிறுத்தினேன். அன்றிலிருந்து நான் எழுதுகிற எல்லா அப்பாக்களும் அவர்தான். விருது வாங்கிய நாடகத்தில் ஜனங்கள் அழுதது அவரைப் பார்த்துத்தான், என்னைப் பார்த்து அல்ல.

இந்த நாடகத்தில் வீட்டை விற்றுவிட்டுச் சாவியைக் கொடுக்கப்போகிற அப்பா. ஒரே ஒரு மதியம். மூன்று பிள்ளைகள். அப்பா எல்லாக் காட்சியிலும் இருக்கிறார். அவர் சரிந்தால் கூரையோடு சரியும்.

“மாமா, புதுசு குடுத்தேனே?”

“ஆமாம்ல. நாளைக்குப் பாரு, பின்னிடறேன்.”

ஜனவரி 29, வியாழன்

பின்னவில்லை. பழையதுதான்.

பிப்ரவரி 2, திங்கள்

அம்மாவிடம் போனில் சுற்றி வளைத்துக் கேட்டேன். மாமா நன்றாக இருக்கிறாரா, தூங்குகிறாரா, இந்த மாதிரி. அம்மாவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

“ஏன், அவனை மாத்தப் போறியா?”

“இல்லம்மா, சும்மா கேட்டேன்.”

“உனக்குச் சும்மா கேக்கற பழக்கமே கிடையாது. பாரு, அவனுக்கு அந்த மேடையை விட்டா வேற எதுவும் இல்ல. ஏதாவது பண்ணேன்னு வை, என் வீட்டு வாசப்படி மிதிக்காதே.”

போனை வைத்தபின் பிரதியைத் திறக்கவே மனம் வரவில்லை. அம்மா மிரட்டினதால் இல்லை. அம்மா சொன்னதைத்தான், மாமாவை மாற்றுவதைத்தான், இரண்டு நாளாக நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அரங்கேற்றத்துக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. முதல் நாள் எல்லாப் பத்திரிகைக்காரர்களும் வருவார்கள். மாமா நடுமேடையில் நின்று வேறொன்றைப் பேச, மகளாக நடிக்கிற பெண் பதில் சொல்லத் தெரியாமல் முழிக்க... ஐயோ.

பிப்ரவரி 5, வியாழன்

டிவி சீரியல்களில் அப்பாவாக வரும் ஒருவருக்கு நாடகப் பிரதியை அனுப்பிவிட்டேன். கடைசியாகத் திருத்தியதை. ‘சும்மா படிச்சுப் பாருங்க, ஒரு அவசரத்துக்கு’ என்றேன். அவர் சிரித்தார். இந்த மாதிரி அவசரங்கள் எல்லாம் அவருக்கு அத்துப்படி போலிருக்கிறது.

மாமாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றிய மனுஷனிடம் எந்த வாயால் சொல்வேன்?

பிப்ரவரி 9, திங்கள்

மற்றவர்களுக்கு விடுமுறை விட்டுவிட்டு சீரியல்காரரைக் கூப்பிட்டேன். மேடை நிர்வாகி மட்டும் உடன் இருந்தாள். எல்லாவற்றையும் நேரம் பார்த்து நடத்துவதால் அவளுக்குக் ‘கடிகாரம்’ என்று பெயர். மற்ற பாத்திரங்களை அவள் வாசித்தாள்.

மனிதர் ஒரு சொல் தவறவிடவில்லை. எல்லாம் மனப்பாடம். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கக் கேட்க எனக்குப் புரிந்தது. அவரிடம் ஒரு குறையும் இல்லை. வசனம்தான் செத்துக் கிடந்தது. முழுவதும்.

சாவி கொடுத்தபின் அப்பா வாசலில் நின்று, “என் சுவடுகள் உள்ளேயே இருக்கின்றன” என்கிறார். நானா எழுதினேன்? எந்த அப்பா வாசலில் நின்று சுவடு என்று பேசுவார்? முதலில் எழுதியிருந்தது, “சாவியக் குடுத்தாச்சு. செருப்பு உள்ள கெடக்கே.” ரொம்பச் சாதாரணமாக இருக்கிறதே, விருது வாங்கினவள் இப்படி எழுதலாமா என்று நானே கொன்றேன். செருப்பை எடுத்துவிட்டுச் சுவட்டைப் போட்டேன்.

சீரியல்காரர் போனபின் கடிகாரத்திடம், “நீ சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“எதை மேடம்?”

“பழசுதான் நல்லா இருந்துதுன்னு.”

“எல்லாருக்கும் தெரியும் மேடம். உங்க மூஞ்சியப் பாத்தா யாருக்குச் சொல்லத் தோணும்? மாமா மட்டும்தான் தில்லா பழசையே பேசிட்டிருக்காரு. ‘அவளா வழிக்கு வருவா, விடுங்கடா’ன்னாரு.”

சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும். மறக்கவில்லை! பிடிவாதம்! நான் என்னென்னவோ நினைத்து, அந்த மனுஷனுக்குப் பதிலாக ஆள் பார்த்து... சே.

பிப்ரவரி 10, செவ்வாய்

ஒத்திகையில் எல்லோரிடமும் சொன்னேன்: டிசம்பர் மாதப் பிரதிக்கே திரும்புகிறோம். மகனாக நடிப்பவர் கை தட்டினார். மாமா காதைக் குடைந்துகொண்டே, “டைரக்டரம்மாவுக்கு ஜுரம் விட்டுச்சு” என்றார்.

ஒரு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் முழு நாடகமும் நிற்காமல் ஓடியது. இருந்தாலும் பயம் போகவில்லை. நன்றாக இருக்கிறதே என்று இப்போது பயப்படுகிறேன். எனக்கு வேறு வேலையே இல்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

அரங்கேற்றம். செருப்பு வரியில் சிரித்தார்கள். சிரிப்பு பாதியிலேயே அடங்கிப்போனது. மாமா வெறுங்காலோடு நின்றார்.

எழுத முடியவில்லை. சந்தோஷமாக இருக்கிறேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

நேற்று விமர்சனம் வந்தது. பாராட்டுத்தான். கடைசிப் பத்தியில் ஒரு குத்து: முதல் காட்சியில் பிள்ளைகள், அம்மா செத்த அன்று மழை, தெருவெல்லாம் தண்ணீர் என்கிறார்கள். முடிவில் அப்பா, “அன்னைக்கு அடிச்ச வெயில்ல தார் ரோடு உருகுச்சு” என்கிறார். ‘விருது பெற்றவரிடமிருந்து இப்படியொரு கவனக்குறைவா?’

பிசாசு மாதிரி அந்தக் கேள்வி திரும்ப வந்துவிட்டது. பழைய பிரதிக்குத் திரும்பியபோது இதையும் தூக்கி வந்திருக்கிறேன். ஒரே ஒரு வரிதானே. காட்சிக்கு முன்னால் மாமாவிடம், “வெயில் வேண்டாம், மழைன்னு சொல்லுங்க” என்றேன். “அவ்வளவுதானே?” என்றார்.

வெயில் என்றே சொன்னார். தார் உருகியது.

பிப்ரவரி 25, புதன்

நேற்றும் சொல்லிக் கொடுத்தேன். நேற்றும் வெயில்.

எரிச்சலோடு இன்று காலை மாமா வீட்டுக்கே போனேன். இது என்ன பிடிவாதம், இந்த வரியில் பழசு ஒன்றும் உசத்தி இல்லையே என்று கேட்கத்தான் போனேன். அவர் குளித்துக்கொண்டிருந்தார். அத்தை சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் பேச ஆரம்பித்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

“அவரு வேணும்னு பண்ணலம்மா.”

“என்ன அத்தை?”

“முன்னாடி படிச்சதெல்லாம் நிக்குது. புதுசா எதுவும் நிக்க மாட்டேங்குது. ராத்திரி பகலா உக்காந்து படிச்சாரு, நீ குடுத்த ஒவ்வொரு தாளையும். காலையில போயிடும். டாக்டரும் பாத்தாச்சு. இனிமே இப்படித்தானாம். பழசு நல்லா இருக்குன்னு சொல்லி மத்தவங்கள நம்ப வச்சாரு. உனக்குத் தெரிஞ்சா அவர மாத்திடுவியோன்னு பயம்.”

குளியலறையில் தண்ணீர் நின்றது. அத்தை சட்டென்று நறுக்கத் தொடங்கிவிட்டார். மாமா தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, “என்ன பாப்பா, காலங்காத்தால?” என்றார்.

“இந்தப் பக்கம் வந்தேன், பாத்துட்டுப் போலாம்னு.”

“அந்த மழை விஷயமா? இன்னிக்குச் சரியாச் சொல்லிடுவேன்.”

“வேண்டாம் மாமா. வெயிலே இருக்கட்டும். யோசிச்சுப் பாத்தேன், அதுதான் சரி.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். துண்டு தலையிலேயே இருந்தது. “அப்படியா?” என்றார். “நீ சொன்னா சரிதான்.”

தெருமுனை வரை தாங்கினேன். அப்புறம் ஒரு மூடிய கடை வாசலில் உட்கார்ந்து அழுதேன். நான் செய்த அத்தனை திருத்தங்களும், ஒவ்வொரு நாள் காலையும் சிரித்துக்கொண்டே நீட்டிய அத்தனை தாள்களும் கண்முன் வந்தன. என் பயத்துக்கு நான் எழுதி எழுதித் தள்ளினேன். அவர் தன் பயத்தை எங்கே வைத்திருந்தார்?

பிப்ரவரி 27, வெள்ளி

காட்சிக்கு முன்னால், மாமா ஒப்பனை அறையில் இருந்தபோது, பிள்ளைகளாக நடிக்கிற மூவரையும் மேடையில் கூப்பிட்டேன். அம்மா செத்த அன்று கொளுத்தும் வெயில், பந்தல் போட ஆள் கிடைக்கவில்லை, தெருவில் செருப்பில்லாமல் நிற்க முடியவில்லை என்று மூவருக்கும் புது வசனம் கொடுத்தேன். முதல் காட்சியில் இரண்டு இடம், மூன்றாவதில் ஒரு இடம். குடை வருகிற பகுதியையே அடித்துவிட்டேன். கடிகாரம் குடைகளை எடுத்துக்கொண்டுபோய் உள்ளே வைத்தாள்.

அப்பாவுடைய ஒரு வரியை மாற்றினால் முடிந்துபோகிற வேலை. இதற்கு ஏன் மூன்று பேர் வசனத்தையும் மாற்றுகிறீர்கள் என்று கேட்பார்கள், கேட்டால் என்ன சொல்வது என்று பேருந்தில் வரும்போது ஒரு பதில் தயாரித்து வைத்திருந்தேன்.

ஒருவரும் கேட்கவில்லை. மகளாக நடிக்கிற பெண் தாளை வாங்கி ஒருமுறை படித்தாள், ஒப்பனை அறைக் கதவைப் பார்த்தாள். “சரி மேடம்” என்றாள். மற்ற இருவரும் ஏற்கெனவே ஒரு மூலையில் உட்கார்ந்து, உள்ளே கேட்டுவிடாமல் மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.