பி.எஸ்ஸி. படித்தவன் டாக்டர் இல்லை, அப்பா

என் உயிரான அப்பாவுக்கு,

உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. திருச்சியிலிருந்து நான் போட்ட கார்டுகளையெல்லாம் அக்கா வீட்டு மச்சான்தான் உங்களுக்குப் படித்துக் காட்டுவார். இதை யார் படித்துக் காட்டப்போகிறார்கள்? தெரிந்தேதான் எழுதுகிறேன். நீங்கள் போய் ஏழு வருஷம் ஆகிறது. உங்களிடம் சொல்லாமல் விட்டதை இன்று நாலு பேர் காதில் விழும்படியே சொல்லிவிடுகிறேன்.

உப்பிலியபுரத்தில் வெங்காயமும் கடலையும் போட்ட கிணற்றுக் காட்டில் பாதியைக் கிரயம் பண்ணித்தான் என்னைத் திருச்சிக் காலேஜில் சேர்த்தீர்கள். இன்டர்மீடியட் முடித்ததும் மெடிகலுக்கு விண்ணப்பம் போட்டேன். கிடைக்கவில்லை. அந்தச் செய்தியோடு ஊருக்கு வந்தபோது நீங்கள் மடை திருப்பிக்கொண்டிருந்தீர்கள்.

"சேத்துக்கிட்டாங்களாப்பா?" என்றீர்கள்.

"பி.எஸ்ஸி.யில சேந்துட்டேம்பா. விலங்கியல். அதுவும் உடம்பப் பத்தின படிப்புதான்."

"ஒடம்பப் பத்தின படிப்பா. அது போதும்" என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தீர்கள். நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் நீங்கள் என்ன புரிந்துகொண்டீர்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பின்னாலேயே நடந்து வந்தேன்.

விலங்கியல் பட்டம் வாங்கியவனுக்கு அன்றைக்கு என்ன வழி இருந்தது? மேலே ஒரு வருஷம் பி.டி. படித்தால் ஸ்கூல் வாத்தியார். காலேஜில் இடம் விழுந்தால், தவளை அறுத்துக் காட்டும் டெமான்ஸ்டிரேட்டர். மீன் இலாகா, மலேரியா இலாகா. மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர்கள் வாசலில் காத்திருக்கலாம். இல்லையென்றால் பரீட்சை எழுதி கலெக்டர் ஆபீசில் குமாஸ்தா. என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் போனது அங்கேதான். எனக்கு மலேரியா இலாகாவில் கிடைத்தது. ஸ்ரீரங்கத்தில் ஒரு ரூம் எடுத்துக்கொண்டேன். விடிகாலையில் திருவானைக்காவல் மாட்டுக் கொட்டகைகளில் சுவரோரம் நின்று, கண்ணாடிக் குழாயை வாயில் வைத்துக் கொசுவை உறிஞ்சிப் பிடிப்பேன். பிறகு மலேரியாக் கிருமி இருக்கிறதா என்று அவற்றை அறுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன். அதுதான் என் உத்தியோகம்.

எங்கள் ஆபீஸ் ஒரு ஆஸ்பத்திரி வளாகத்தின் பின்பக்கம் இருந்தது. ஒருநாள் மடியில் வறுத்த கடலையோடு நீங்கள் அங்கே வந்து நின்றீர்கள். நான் வெள்ளைக் கோட்டில் இருந்தேன். மைக்ராஸ்கோப்பில் உங்களைக் குனிந்து பார்க்கச் சொன்னேன்.

"இதுல பாத்தா சீக்கு தெரிஞ்சிடுமா?"

"தெரியும்பா."

"அப்ப நீ சொன்னாத்தான் அவங்க மருந்து குடுப்பாங்க."

"ஆமாம்பா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? உங்கள் முகத்தில் அன்று இருந்த சந்தோஷத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை. அதைக் கெடுக்க மனசு வரவில்லை. அவ்வளவுதான்.

அடுத்த பொங்கலுக்கு நான் வந்தபோது ஊரே என்னை டாக்டர் தம்பி என்றது. எதிர் வீட்டுக்காரர் நாக்கை நீட்டிக் காட்டினார். நீங்கள் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் நாக்கைப் பார்த்தேன். "துறையூர் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னேன். அதைக்கூட நீங்கள் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டீர்கள்.

உங்களுக்கு வயிற்றுவலி வந்த அன்று நான் கொள்ளிடக் கரை கிராமங்களில் கொசு பிடித்துக்கொண்டிருந்தேன். தந்தி ஸ்ரீரங்கம் ரூமுக்குப் போய்க் கதவிடுக்கில் கிடந்தது. மறுநாளே மச்சான் வண்டி கட்டிவிட்டாராம். துறையூருக்குக் கூப்பிட்டதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று அவர் பிறகு சொன்னார்.

"வீட்டுலயே டாக்டர் இருக்கான். ஊரான்கிட்ட எதுக்குப் போவணும்? அவன் வரட்டும்."

நான்காம் நாள் நடுப்பகலில் நான் வந்து சேர்ந்தேன். கட்டிலில் கால்களை மடக்கிக்கொண்டு படுத்திருந்தீர்கள். என்னைக் கண்டதும் கையை நீட்டினீர்கள், நாடி பார்க்கச் சொல்லி. "பாருப்பா. என்னன்னு சொல்லு."

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். உங்கள் வயிறு பலகை மாதிரி இருந்தது. குடல்வாலை நான் எத்தனை முறை படம் வரைந்து பாகம் குறித்திருக்கிறேன் தெரியுமா? அது வெடித்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. புரிந்ததைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம், நான் டாக்டர் இல்லை அப்பா என்று. நீங்கள் என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை நிம்மதி இருந்தது. வாய் திறக்கவில்லை.

வாடகைக் காரில் ஏற்றினோம். அம்மாவும் கூட வந்தாள். டிரைவர் வண்டியை விரட்டினார். "மெதுவாப் போங்க தம்பி, டாக்டர் கூடத்தானே வர்றாரு" என்று அவரிடம் சொன்னீர்கள். அதுதான் நீங்கள் பேசிய கடைசிப் பேச்சு. துறையூர் எல்லையில் உங்கள் தலை என் தோளில் சாய்ந்தது.

ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, "ரெண்டு நாள் முன்னாடி கொண்டாந்திருக்கலாமே. நீங்க யாரு?" என்றார்.

"மகன்."

"என்ன பண்றீங்க?"

"மலேரியா இலாகாவுல கொசு பிடிக்கிறேங்க" என்றேன். அம்மா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த வேலையை விட்டுவிட்டு பி.டி. படித்தேன். இப்போது ஸ்ரீரங்கத்தில் ஹைஸ்கூல் வாத்தியார். அம்மா என்னோடுதான் இருக்கிறாள். முட்டி வலியோடு காவேரிக்கு நடந்துபோய்க் குளித்துவிட்டு வருகிறாள். உங்களுக்கு ஒரு பேத்தி பிறந்திருக்கிறாள்.

போன வாரம் சமயபுரம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி தன் மகளைப் பற்றிக் கேட்க வந்தார். "விலங்கியல் படிக்க வச்சா டாக்டராயிடும்ங்களா?" என்றார்.

"ஆகாதுங்க. டாக்டர் படிப்பு வேற. அதுல இடம் கிடைக்கிறது கொஞ்சப் பேருக்குத்தான்" என்றேன். வேறு என்னென்ன வேலைகள் உண்டு, அதற்கு எத்தனை வருஷம் படிக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"சம்பளம் எப்படிங்க?"

"வாத்தியார் சம்பளத்துல வாடகை குடுத்து, குடும்பத்தோட சாப்பிடலாம். காடு வாங்க முடியாது. வித்துப் படிக்க வச்சா அது திரும்பி வராதுங்க."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "நல்லதுங்க சார். முன்னாடியே சொல்லிட்டீங்க. வித்துடாம பாத்துக்கிறேன். புள்ளைக்கு ஆசையா இருக்கு, படிக்கட்டும்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

எவ்வளவு சுலபமாக இருந்தது, அப்பா. நாலு வார்த்தை. அவர் உடைந்துபோகவில்லை. நீங்களும் உடைந்திருக்க மாட்டீர்கள், இல்லையா? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சரி படி என்றுதான் சொல்லியிருப்பீர்கள். வலி வந்த மறுநாளே வண்டியில் ஏறியிருப்பீர்கள்.

ஊரில் இன்னும் என்னை டாக்டர் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார்கள். வருகிற தை மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு வருகிறேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று சொல்வேன், நான் டாக்டர் இல்லை, வலி வந்தால் யாருக்காகவும் காத்திருக்காமல் துறையூருக்குப் போங்கள் என்று. முதலில் அம்மாவிடம் சொல்வேன். இது சத்தியம், அப்பா.

இப்படிக்கு,
உங்கள் மகன்,
ஸ்கூல் வாத்தியார் பெரியசாமி