அளவு மீறிய காடிகள்

ஜூன் 3, செவ்வாய்

கோல்ஃப் கிளப்பில் வெற்றியாளர் பலகைக்கு மறுபடி வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முந்தைய வரியில் மாமாவின் பெயர் மட்டும் கொஞ்சம் தடிப்பாகத் தெரிகிறது. அடியில் என் பெயர் இருக்கிறது. அதன்மேல்தான் எழுதினார்கள்.

மறந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதிவைக்கிறேன். மாமா, அக்காவின் கணவர். அந்த வருடம் என் பிறந்தநாளுக்கு மூன்று வெட்ஜ் மட்டைகள் கொடுத்தார். "சும்மா கெடக்கு, நீ வச்சுக்கோ." குழிக்குக் கிட்டே பந்தைத் தூக்கிப் போட அவ்வளவு நல்ல மட்டைகள் அதற்குமுன் என்னிடம் இருந்ததில்லை. ஒரு மாதம் கழித்து கோல்ஃப் இறுதி ஆட்டத்தில் அவரையே தோற்கடித்தேன். என் கையைக் குலுக்கிவிட்டு, திரும்பி கமிட்டியிடம் சொன்னார்: "அவ மட்டைய அளந்து பாருங்க."

அளந்தார்கள். மட்டை முகத்தில் வரிவரியாகப் பள்ளம் வெட்டியிருக்கும் காடிகள் விதியைவிட அகலம், விளிம்பு அதைவிடக் கூர்மை. கோப்பை அவருக்குப் போனது.

"உங்க மட்டைதானே மாமா?"

"நான் குடுத்தப்ப சரியாத்தான் இருந்துச்சு."

நான் பல் மருத்துவர். பல்லில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிப்பவள். கையில் பிடித்திருந்த இரும்பைப் பார்க்கத் தெரியவில்லை.

இந்த வருடம் பார்ப்பேன்.

ஜூன் 7, சனி

அவரவர் கைக்கு அளவெடுத்து மட்டை செய்து தரும் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் அதிகம் பேசாதவர். மணிக்கட்டிலிருந்து தரைவரை அளந்தார். மட்டையின் அடியில் டேப் ஒட்டி, ஒரு பலகைமேல் நின்று முப்பது பந்து அடிக்கச் சொன்னார். டேப் தேய்ந்த இடத்தைக் காட்டினார்.

"மட்டை உங்களுக்கு ரொம்ப நிமிர்ந்து நிக்குது. அதான் பந்து இடது பக்கமே போகுது. அப்புறம், நீங்க அடிக்கல, தரையை வெட்டுறீங்க. அடிப்பாகம் கொஞ்சம் வயிறு வச்ச மாதிரி இருக்கணும். இல்லேன்னா மண்ணுக்குள்ள போய் உக்காந்துக்கும்."

"மெல்லிசா இருந்தாத்தான் நல்லதுன்னு எங்க மாமா சொல்வார்."

"அவர் கைக்கு அவர் வச்சுக்கட்டும்."

காடி ஆழமாக இருந்தால் பந்து நன்றாகச் சுழலுமா என்று கேட்டேன். சிரித்தார். "எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. நடுவுல மாட்டுற தண்ணியையும் புல்லையும் ஒதுக்கத்தான் காடி. வண்டி டயர்ல இருக்கே, அந்த மாதிரி. கடிக்கிறது விளிம்பு. அது எவ்வளவு கூரா இருக்கலாம்னு அதுக்குத்தான் விதி."

கடிக்கிறது விளிம்பு. வீடு வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 14, சனி

மாமா கொடுத்த பழைய மட்டைகளை எடுத்துக்கொண்டு போனேன். யார் தந்தது என்று சொல்லவில்லை. பட்டறைக்காரர் பூதக்கண்ணாடியில் பார்த்தார். ரொம்ப நேரம் தலையைத் தூக்கவில்லை.

"இது என் கட்டர் போட்ட தடம்" என்றார்.

யார் கொண்டுவந்தது என்று கேட்டேன். மாமாவின் பெயரைச் சொன்னார். பதினைந்து வருட வாடிக்கையாம். "தனியாப் பழகிக்கிறதுக்குன்னு சொன்னார். போட்டியில எடுக்க மாட்டேன்னார். நான் காடிய அகலப்படுத்திக் குடுத்தேன்."

"அதை எழுதித் தர முடியுமா?"

"என் பொழப்பு போயிடும்மா."

என் பேர் போனது பரவாயில்லையா? கேட்டுவிட்டுக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு வந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

அப்போ அது தற்செயல் இல்ல. பரிசுக் காகிதம் சுத்தும்போதே அவருக்குத் தெரியும்.

ஜூன் 24, செவ்வாய்

மாமாவுக்குக் கடைவாய்ப் பல் வலி. நேராக என் நாற்காலியில் வந்து படுத்தார். வாயைத் திறந்து, கண்ணை மூடி. பக்கத்தில் அக்கா, அவருடைய கண்ணாடியைப் பிடித்தபடி.

துளைக்கும் கருவி என் கையில். மரத்துப்போகும் ஊசியைக் கொஞ்சம் குறைத்துப் போட்டால் யாருக்குத் தெரியும்?

முழு அளவு போட்டேன். இரக்கப்பட்டு இல்லை. ஒரு பல்லோடு கணக்கு முடிந்துபோவதில் எனக்கு விருப்பமில்லை.

போகும்போது கோணிய வாயோடு சொன்னார்: "இந்த வருசமாச்சும் ஒழுங்கான மட்டையோட வா."

அக்கா தரையைப் பார்த்தாள்.

ஜூலை 5, சனி

பட்டறைக்காரரே கூப்பிட்டார். புது மட்டைகள் மூன்றும் தயார். எடுத்து வீசிப் பார்த்தேன். என் கையே நீண்டதுபோல இருந்தது. காடிகளை என் முன்னாலேயே அளந்து காட்டினார். எல்லாம் விதிக்குள்.

பிறகு ஒரு காகிதத்தை நீட்டினார். வேலைப் புத்தகத்தின் நகல். மாமாவின் பெயர், செய்த வேலை, தேதி. அந்த வருடம் என் பிறந்தநாளுக்கு ஆறு நாள் முன்பு. கீழே பட்டறைக்காரரின் கையெழுத்து.

"தூக்கம் வரல" என்றார்.

இன்றே கமிட்டியிடம் கொடுக்கலாம். மாட்டேன். கொடுத்தால் மாமாவால் இந்த வருடம் ஆடவே முடியாது. முதலில் அவர் தோற்கட்டும்.

ஜூலை 20, ஞாயிறு

இறுதி ஆட்டம். நானும் அவரும். காலையிலிருந்து தூறல்.

பதினேழு குழி முடிந்தபோது சமம். கடைசிக் குழியில் இரண்டு பேர் பந்தும் ஈரமான உயரப் புல்லில். பட்டறைக்காரர் சொல்லியிருந்தார்: இந்த மாதிரி புல்லில் எந்தக் காடியும் முழுசாகக் காப்பாற்றாது, பந்து வழுக்கிக்கொண்டு ஓடும், ஓடுவதற்கு இடம் விட்டு அடிக்கணும். பிரஷ்ஷால் காடிகளைச் சுத்தம் செய்தேன். மட்டையின் முகத்தைத் துடைத்தேன். குழியில் நட்ட கொடிக்கு நேராக அடிக்காமல் பத்தடி முன்னால் போட்டேன். பந்து விழுந்து, ஓடி, குழியிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றது.

மாமா கொடிக்கே குறிவைத்தார். மெல்லிய மட்டை மண்ணில் புதைந்தது. பந்து இரண்டடி நகர்ந்தது. அவ்வளவுதான், ஆட்டம் எனக்கு.

கைகுலுக்கும்போது எல்லோரும் கேட்கும்படி சொன்னார்: "புது மட்டை. அளந்தாச்சா?"

"அளந்தாச்சு மாமா. வேணும்னா இன்னொரு தடவ அளங்க. அதுக்கு முன்னாடி இதையும் படிச்சிடுங்க."

காகிதத்தை கமிட்டி மேசையில் வைத்தேன். அவர் தேதியைத்தான் முதலில் பார்த்தார். அந்த முகத்துக்காக இரண்டு வருடம் காத்திருந்தேன். கண்ணை எடுக்காமல் பார்த்தேன். இனித்தது. பொய் எழுத மாட்டேன், இனித்தது.

ஜூலை 29, செவ்வாய்

மாமாவுக்கு ஒரு வருடம் தடை. பலகையில் என் பெயர் இரண்டு வரியில், பழைய வரியிலும் இந்த வருட வரியிலும். பட்டறைக்காரருக்கு எச்சரிக்கையோடு விட்டார்கள். அக்கா போன் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்றும் எடுக்கவில்லை. நான் என்ன தப்பு பண்ணேன்? அவளைப் பத்தி ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. அதுவா?

ஆகஸ்ட் 16, சனி

மத்தியானம் அக்கா கிளினிக்குக்கு வந்தாள். பல்லில் ஒன்றும் இல்லை என்றாள். உட்காரவும் இல்லை.

"அந்த மட்டைகளைப் பட்டறையில இருந்து வாங்கிட்டு வந்தது நான்தான். அவர் போகச் சொன்னார், போனேன். எதுக்குன்னு கேக்கல. அன்னைக்கு உன் மட்டைய அளந்தப்ப புரிஞ்சுது. வாயைத் திறக்கல."

"ரெண்டு வருஷமாக்கா?"

"திட்டுறதுன்னா திட்டிக்கோ."

திட்டினேன். நன்றாகவே திட்டினேன். வெளியே காத்திருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும். அவள் கடைசிவரை நின்று கேட்டாள். முடித்ததும் கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

"இருபத்தாறு வருஷமா அவர் ஆடுறதுக்குத் தண்ணி பாட்டில் தூக்கிட்டு நடந்திருக்கேன். அவருக்குத் தடை முடிய இன்னும் பதினோரு மாசம் இருக்கு. அதுக்குள்ள எனக்குக் கத்துக்குடு. முடிஞ்ச அன்னைக்கு நான் அவருக்கு எதிரா ஆடணும்."

கிளினிக்கைச் சீக்கிரம் பூட்டிவிட்டுப் பட்டறைக்குக் கூட்டிப்போனேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து நின்றாள். மணிக்கட்டிலிருந்து தரைவரை நானே அளந்தேன். பிறகு பலகைமேல் நிறுத்தினோம். ஆறு பந்தில் காற்றைத்தான் அடித்தாள். நானும் பட்டறைக்காரரும் சிரிக்கவில்லை.

ஏழாவது பட்டது.