சோப்பில் பதிந்திருந்த உன் கை

அம்மா,

முதலில் என் கண்ணில் பட்டது அந்தச் சாய்வுதான்.

புகையிலைக் கிட்டங்கிக் கணக்கர் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்த சோப்புக் கட்டியை என் முன்னால் வைத்துப் பிரித்தார். நம் வீட்டில் யாரும் தேய்த்துக் குளித்தறியாத வாசனைச் சோப்பு. அதன் நடுவில் சாவியை அமுக்கி எடுத்த பள்ளம். மூன்று பற்கள். நடுப்பல் மட்டும் நேராக இல்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. திண்டுக்கல்லில் அரத்தால் சாவி ராவுகிறவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். நடுப்பல்லைச் சாய்த்துவிடுகிறவள் நீ ஒருத்திதான். இடது கையில் அரம் பிடித்தவளும் நீ ஒருத்திதான்.

"கிட்டங்கிச் சாவி தொலஞ்சு போச்சு புள்ள. இதப் பாத்து ஒண்ணு வெட்டிக் குடு" என்றார் கணக்கர்.

தொலைந்துபோன சாவியை எப்படிச் சோப்பில் அமுக்கினீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. உனக்கு வந்திருக்கும். அந்த இடத்தில் நீ இருந்திருந்தால், தெருவே சிரிக்கிற மாதிரி கேட்டிருப்பாய். நான் கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்று அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். புகையிலைக் கிட்டங்கிக்குப் போடுகிற பூட்டின் சாவி உள்ளங்கை நீளம் இருக்கும். இது விரல் நீளம்கூட இல்லை. டிரங்குப் பெட்டிச் சாவி. யாருடைய பெட்டி என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"சங்கத்துத் தலைவர் சொல்லிட்டாரு. இத முடிச்சுக் குடுத்தா, தொழில் பாக்க உனக்குச் சீட்டு உண்டு. உங்கம்மாவுக்குக் கெடைக்காத சீட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சோப்பின் வாசம் அன்று முழுவதும் வீட்டுக்குள் இருந்தது அம்மா. அடுப்பைப் பற்றவைத்த பிறகும் போகவில்லை.

ராஜம் அக்காவின் பெட்டிக்குப் பூட்டு வைத்த நாள் நினைவிருக்கிறதா? நான் பள்ளிக்கூடத்தை விட்டு அதிகநாள் ஆகவில்லை. வயசுக்கு வந்த பிள்ளை வீட்டில் சும்மா இருக்கிறதே என்று, சாமான் பையைத் தூக்க என்னைக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்திருந்தாய். பெரிய வீடுகளின் உள்கட்டுக்கு வெளி ஆம்பிளைகளை விடமாட்டார்கள். அலமாரிக்கும் பெட்டிக்கும் பூட்டு வைக்க ஒரு பொம்பளை வேண்டும். அதனால்தான் உனக்கு வேலை. கொல்லைப்புறமாகப் போவோம். வெட்டாத சாவியில் விளக்குக் கரியைப் பூசி, பூட்டுக்குள் விட்டுத் திருப்பி, கரி எங்கே அழிந்திருக்கிறது என்று பார்த்து ராவுவாய். உனக்கு வெளிச்சம் மறைக்காமல் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்பது ஒன்றுதான் அப்போது எனக்குத் தெரியும்.

ராஜம் அக்காவுக்குப் புருஷன் தவறி ஆறேழு மாதம் ஆகியிருந்தது. அக்காவின் அம்மா வீட்டு நகை அந்தப் பெட்டியில் இருந்தது. வீட்டின் மூத்தவர் அக்காவுக்கு மச்சாண்டார், புருஷனின் அண்ணன். அவர்தான் கிட்டங்கிக்காரர், கடைக்காரர் சங்கத்துக்குத் தலைவர். வியாபாரத்துக்கு என்று இரண்டு வளையலை ஏற்கெனவே வாங்கிப் போயிருந்தாராம். அவை திரும்பி வரவில்லை. "மிச்சம் எம்மகளுக்குக்கா" என்று ராஜம் அக்கா உன்னிடம் மெதுவாகச் சொன்னார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து சிலேட்டில் கோழி போட்டுக்கொண்டிருந்தாள்.

பூட்டைப் பூட்டித் திறந்து காட்டினாய். இரண்டு சாவியையும் வலது கைக்கு மாற்றி அக்காவின் கையில் வைத்தாய். ராவுவது இடது கை என்றாலும் கொடுப்பது எப்போதும் வலது கைதான். பிறகு முன்கட்டுக்கு வந்து, வீட்டு மனிதர்கள் பார்க்கப் பையைக் கவிழ்த்து, மடியை உதறிக் காட்டினாய். உள்கட்டில் வேலை பார்த்த பொம்பளை மடி உதறாமல் படி இறங்கக்கூடாது என்பது நம் தொழிலின் கட்டு. எனக்கு அது பிடிக்காது. திருடியைச் சோதிக்கிற மாதிரி இருக்கிறதே என்று வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன்.

"ஏத்தா, அவுக சோதிச்சாத்தான் அசிங்கம். நாமளா உதறுனா அது நம்ம தெனாவட்டு. பாத்துக்கடா, உங்க வீட்டுத் துரும்புகூட எனக்கு வேணாம்னு சொல்றோம்ல" என்றாய்.

அந்தத் தெனாவட்டு எனக்கு வரவே வராது என்று அப்போது நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் ஊரில் ஒரு மண்டியில் திருட்டுப் போனது. சங்கத்தார் விதி போட்டார்கள். பூட்டு வைக்கிறவர், சாவி வெட்டுகிறவர் எல்லாரும் சங்கத்தில் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு இல்லாதவருக்குக் கடைகள் பூட்டோ சாவியோ விற்கக்கூடாது. மஞ்சள் காகிதத்தில் அச்சடித்து ஒட்டியிருந்ததை நான்தான் உனக்குப் படித்துக் காட்டினேன். தெருவில் ஆட்கள் நின்றதால் என் குரல் எழும்பவில்லை. "சத்தமாப் படி, காசு குடுத்துத்தானே படிக்கவச்சேன்" என்றாய். முதல் விதி, சோப்பிலோ மெழுகிலோ எடுத்த அச்சைப் பார்த்துச் சாவி வெட்டக்கூடாது. இரண்டாவது விதி, பூட்டு வைக்கச் சொன்னவர் கையில் எல்லாச் சாவியையும் ஒப்படைக்க வேண்டும்.

"இத எதுக்கு அச்சடிக்கணும்? இது நாங்க அரம் புடிச்ச நாள்லேருந்து இருக்கறதுதானே" என்று சிரித்தாய். சீட்டு வாங்க மறுநாளே என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாய். விதி என்றால் உனக்குப் பகை இல்லை. அதைப் பிறகு எல்லாரும் மறந்துவிட்டார்கள். பூட்டுக்காரி விதிக்கு அடங்காதவள் என்றுதான் பேசினார்கள்.

கிட்டங்கியில் தலைவர் சாய்வு நாற்காலியில் இருந்தார். அவரைச் சுற்றி நாலைந்து வியாபாரிகள்.

"சீட்டுத் தாரேன். எங்க வீட்டு உள்கட்டுல ஒரு பெட்டிக்குப் பூட்டு வச்சியே, அதுக்கு இன்னொரு சாவி வெட்டி இங்க குடுத்துரு" என்றார்.

"சாவி அவுக கையில குடுத்தாச்சு அய்யா. கேட்டு வாங்கிக்கங்க."

"வீடு என்னுது."

"வீடு ஒங்களுது. பெட்டி அவுகளுது."

"விதி தெரியும்ல?"

"தெரியும் அய்யா. எம்மக படிச்சுச் சொன்னா. பூட்டு வைக்கச் சொன்னவுக கையில எல்லாச் சாவியும்னு இருக்கு. வைக்கச் சொன்னது அவுகதான். நீங்க போட்ட விதி, நான் மீற முடியுமா?"

வியாபாரிகளில் ஒருவர் இருமுவது போலச் சிரித்தார். தலைவரின் முகம் மாறியது. உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன்.

பத்துப் பதினைந்து நாளில் பழைய காகிதத்தின் மேலேயே புதிய காகிதம் ஒட்டினார்கள். மூன்றாவதாக ஒரு விதி சேர்ந்திருந்தது. வைக்கிற ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவியைச் சங்கத்தில் கொடுத்துவைக்க வேண்டுமாம். பாதுகாப்புக்காம். நான் படித்து முடித்ததும், திரும்பவும் ஒரு தரம் படிக்கச் சொன்னாய். வக்கீல் குமாஸ்தா ஒருவர் அங்கே நின்றிருந்தார். "இப்ப வந்திருக்கற சட்டத்துல பொம்பள சொத்து பொம்பளைக்கேம்மா. பெட்டியத் திற, சாவியக் குடுன்னு கேக்க எவனுக்கும் பாத்தியத இல்ல. இவுக போட்டது சங்கத்து விதி, சர்க்கார் சட்டம் இல்ல" என்று காதோடு சொன்னார்.

"டெல்லிக்குத் தெரிஞ்சது இந்தத் தெருக்கோடிக்கு வர மாட்டேங்குதே சாமி" என்றாய்.

திரும்பவும் கிட்டங்கிக்குப் போனாய். நான் வேண்டாம் என்றேன். "எழுதாம இருந்தப்ப, எழுதலையேன்னு சொன்னேன். இப்ப எழுதிட்டீக. இப்பவும் மாட்டேன் அய்யா. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றாய். தலைவர் உன்னைப் பார்க்காமல் கணக்கரிடம் சொன்னார்: "பீச்சாங்கைக்காரிக்கு வாய் மட்டும் ரெண்டு பக்கமும் ஓடுது."

உனக்குச் சீட்டு கிடைக்கவில்லை. கடைகளில் உனக்குப் பூட்டு கொடுக்க மறுத்தார்கள். அப்பா வேலை பார்த்த பட்டறையிலும் சாடைமாடையாகச் சொன்னார்கள். "செத்தப் பணிஞ்சு போனாத்தான் என்ன?" என்று அப்பா கேட்டார். "குனிஞ்சு ராவலாம். குனிஞ்சு குடுக்க முடியாது" என்றாய். அதன் பிறகு நாம் சின்னாளப்பட்டிக்கு நடந்தோம், வேடசந்தூருக்குப் பஸ் ஏறினோம். நெசவுக்காரர் வீடுகளில் துருப்பிடித்த பழைய பூட்டுகளைச் சரிசெய்தோம். சீட்டைக் கேட்காத ஊர்கள். ஒரு வீட்டில் கஞ்சிக்கு வெஞ்சனமாக மாங்காய்க் கீற்றுக் கொடுத்தார்கள். அன்று பஸ்ஸில் நீ பாடிக்கொண்டு வந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு நாள் மழையில் நனைந்து வந்த காய்ச்சல்தான் உன்னைக் கொண்டுபோனது. சீட்டு வாங்கியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் சொன்னார்கள். அவர்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்த நான் பதில் சொல்லவில்லை. இப்போது உனக்குச் சொல்கிறேன். அது அப்படி இல்லை அம்மா. உன்னிடமிருந்து அவர்கள் வேலையை எடுத்தார்கள். சாவியை எடுக்க முடியவில்லை.

அதனால்தான் இப்போது சோப்போடு வந்திருக்கிறார்கள். தானே அச்சடித்து ஒட்டிய முதல் விதியை, அந்தக் காகிதத்தின் பசை காய்ந்து உரிவதற்குள் தலைவரே மீறுகிறார். மீறுவதற்கு ஒரு கை வேண்டும். ஊமைப் பிள்ளை, சொன்னதைச் செய்யும் என்று என் கையைப் பார்த்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ராஜம் அக்கா கோயிலுக்குப் போகிற நேரத்தில் வெட்டிய சாவியைக் கொண்டுவந்து போட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டிருந்தார்கள்.

எனக்குச் சீட்டு வேண்டும். அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். அப்பாவுக்குக் கண் முன்போல் இல்லை. வேடசந்தூருக்குத் தனியாகப் பஸ் ஏற எனக்குப் பயம். சீட்டு இருந்தால் இதே ஊரில் உன் வேலையை நான் பார்க்கலாம். அந்தச் சாவியை ராவ எனக்குச் செத்த நேரம் போதும். உன் நடுப்பல் எப்படிச் சாயும் என்று என் கைக்கே தெரியும்.

புதன்கிழமை சாயங்காலம், நம் வீட்டுப் பெட்டியில் நீ வைத்த பூட்டைக் கழற்ற உட்கார்ந்தேன். அச்சு எடுத்துவிட்ட பூட்டை அக்காவின் பெட்டியில் விட்டுவைக்க முடியாது, புதுப் பூட்டு வாங்க எந்தக் கடையும் விடாது. ராஜம் அக்காவின் பெட்டிக்குப் பொருந்துகிற அளவில் நம்மிடம் இருந்தது இது ஒன்றுதான்.

"அதத் தொடாத புள்ள. அவ வச்சது" என்றார் அப்பா.

எதற்கு என்று சொன்னேன். சோப்பையும் காட்டினேன். அவர் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். நடுப்பல்லை விரலால் தடவினார். பிறகு அவரே திருப்புளியை எடுத்து, நான் அசைக்க முடியாத திருகை இளக்கிக் கொடுத்தார்.

வியாழக்கிழமை காலையில் உன் சுங்குடிச் சேலையை எடுத்துக் கட்டினேன். தாவணியில் மடி நிற்காது. உதறி விரித்தபோது கொசுவத்தில் இருந்து பித்தளைத் தூள் கொஞ்சம் உதிர்ந்து வெயிலில் மின்னியது. சோப்பை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டேன்.

கொல்லைப்புறமாகப் போனேன். ராஜம் அக்கா அடுப்படியில் இருந்தார். உன் சேலையைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். நான் பூட்டைக் காட்டினேன். அதற்கு மேல் என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுதான்: "அக்கா, சாவியக் குளிக்கப் போறப்பக் கழத்தி வைக்காதீக." அக்கா என் முகத்தைப் பார்த்தார். போய்ப் பெட்டியை இழுத்துவந்து என் முன்னால் வைத்தார். அவருடைய மகள் வந்து வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நின்றாள். அவளைத் தோளைத் தொட்டு அந்தப் பக்கம் தள்ளி உட்காரவைத்தேன்.

பழைய பூட்டைக் கழற்றினேன். நம் பூட்டை வைத்தேன். பூட்டித் திறந்து காட்டினேன். இரண்டு சாவியும் அக்காவின் கையில். கழற்றிய பூட்டும் அவருடையதுதான், அதையும் அவர் கையிலேயே கொடுத்தேன்.

முன்கட்டில் தலைவர் அதேபோல ஒரு சாய்வு நாற்காலியில் இருந்தார். வந்திருந்த வியாபாரிகள் பலகையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். கணக்கர் என்னைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு ஏன் வந்த? நாளைக்குத்தானே?" என்று அவசரமாக எழுந்தார். நான் நடுக்கூடத்துக்கு வந்து நின்றேன். தலையை நிமிர்த்த முடியவில்லை. காலடித் தரையைத்தான் பார்த்தேன். பையைக் கவிழ்த்தேன். அரமும் திருப்புளியும் விழுந்தன. பிறகு, எல்லாரும் பார்க்க, மடியை அவிழ்த்து உதறினேன். சோப்பு தரையில் விழுந்து, சாவிப் பள்ளம் மேலே தெரிய, தலைவரின் காலடி வரைக்கும் சறுக்கிப் போய் நின்றது.

அரத்தையும் திருப்புளியையும் மட்டும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, முன்வாசல் வழியாகவே படி இறங்கினேன்.