தலைகீழாய்த் தொங்கிய நாலாம் இலக்கம்

மே 3, 2023, புதன்

வேலை முடிந்து கந்தோரால் வந்து சேலைகூட மாற்றாமல் பின்வளவுக்குப் போனேன். நாலாம் இலக்கக் கள்ளியின் தோளில் சாம்பல் நிறத்தில் ஒரு துளிப் பஞ்சு. உழுந்தளவுதான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். சந்தேகமில்லை, மொட்டுக்கு முதல் வருகிற பஞ்சு.

நாலு வருடம்! ஊர்காவற்றுறைக் கிறிஸ்ரி தந்த சிவப்புக் கள்ளியின் மகரந்தத்தை எடுத்து, என் பழைய வெள்ளைக் கள்ளியின் பூவுக்குத் தூரிகையால் தடவினேன். பழம் பழுத்து, விதை போட்டு, முளைத்தவை ஏழு. ஒன்று அழுகியது. இரண்டை நத்தை தின்றது. மூன்றை இவர் புல்லு என்று பிடுங்கி எறிந்தார். மிஞ்சியது நாலாவதாக முளைத்த இது ஒன்றுதான். என்ன நிறத்தில் பூக்கும் என்று எனக்கும் தெரியாது, உலகத்தில் வேறு ஒருவருக்கும் தெரியாது.

பூக்கும் வரைக்கும் ஒருவருக்கும் சொல்லப் போவதில்லை.

மே 4, வியாழன்

ஏன் சொல்லாமல் இருக்கிறேன்? கண்ணூறு பட்டுவிடும் என்ற பயம்தான். வெட்கக்கேடு. சீதேவி மச்சாளின் கண்ணூறுக் கதைகளை இவ்வளவு காலமும் பகிடி பண்ணினவள் நான்.

மச்சாள் இவருடைய அக்கா. பக்கத்து வளவில் வீடு கட்டுகிறார். இந்த வேலணையைவிட்டு இடம்பெயர்ந்து போனதிலிருந்து முப்பது வருடத்துக்கு மேல் கொக்குவிலில் வாடகை வீடு, அதுவும் ஐந்து வீடு மாறி. இப்போது மேசன்மாரைப் பார்க்கவென்று நாள்தோறும் முதல் பஸ்ஸில் வந்து இறங்குகிறார். மேசன்மாரைப் பார்த்து முடிந்ததும் வேலிக்கு மேலால் என் நாற்பத்துமூன்று சாடிகளையும் பார்ப்பார்.

"முள்ளு வைச்ச வீட்டிலை சண்டை ஓயாது, கோசலா."

"எங்கடை வீட்டிலை சண்டையே இல்லையே, மச்சாள்."

"இப்ப நீர் என்னோடை பிடிக்கிறதுக்கு என்ன பேராம்?"

மே 14, ஞாயிறு

மொட்டு இப்போது சுண்டுவிரல் நகமளவு. சாடியைத் திருப்பி மொட்டுப் பக்கம் மதிலைப் பார்க்க வைத்திருக்கிறேன். ஆட்கள் வருகிற நேரம் பழைய பனையோலைக் கடகத்தால் மூடிவிடுகிறேன்.

இவர் கேட்டார்: "அந்த ஒண்டுக்கும் உதவாத சாடிக்கு ஏன் கடகம்?"

"நத்தை," என்றேன். வெயில் கொளுத்துகிற வைகாசியில் நத்தை! நம்பிவிட்டார். இப்படியான ஆளைக் கட்டினதில் சில வசதிகள் உண்டு.

மே 20, சனி

கிறிஸ்ரி போன் எடுத்தா. பள்ளிக்கூடத்து விடைத்தாள்களைத் திருத்தி அலுத்தால் எனக்கு எடுப்பா.

"கோசலா, எழுதி வையும். உம்மடை பிள்ளை வெள்ளையாத்தான் பூக்கும். தாய் மாதிரி."

"இல்லை, சிவப்பு."

"பூத்தாலெல்லோ தெரியும்."

"ஓம், அது எப்ப பூக்கப் போகுதோ," என்று பெருமூச்சும் விட்டேன். நல்லாத்தான் நடிக்கிறேன்.

மே 23, செவ்வாய்

மூன்று விரற்கடை நீளம். மயிர் முளைத்த வால் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது. மற்ற ஆட்களுக்கு அழகாகத் தெரியாது. எனக்கு வடிவுதான்.

மே 27, சனி

ஐயோ.

மச்சாளின் புதுவீட்டுக் குடிபூரலுக்குக் கட்டச் சேலை எடுக்க யாழ்ப்பாணம் போனனான். பின்னேரம் வந்து பாத்தால் கடகம் ஒரு பக்கம், சாடி ஒரு பக்கம். சாடிக்குள்ளை குழி. என்ரை கள்ளி எங்கை?

இவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டு ஆறுதலாகச் சொன்னார்: "அக்கா வாசலிலை கட்ட முள்ளா ஒண்டு கேட்டவா. ஆக்கள் வீடு பாக்க வரத் துவங்கிட்டினமாம், கண்ணூறு படுமாம். அவவின்ரை கற்றாழையை ஆடு மிதிச்சுப் போட்டுது. உம்மடை நல்லதுகளைத் தொட்டால் வீட்டிலை கொலை விழும். அதுதான் நாலு வருசமாப் பூக்காத அந்தச் சனியனைப் பிடுங்கிக் குடுத்தனான்."

"அதிலை மொட்டு இருந்தது!"

"அந்த வாலோ? நான் வேர் எண்டெல்லோ நினைச்சன்."

"வேர் மேலையோ முளைக்கும்?"

"மொட்டெண்டு நீர் சொன்னனீரோ? நத்தை எண்டெல்லோ சொன்னனீர்."

கண்ணூறுக்குப் பயந்து ஒளித்து வைத்தேன். ஒளித்து வைத்ததால்தான் அது கண்ணூறுக்குக் கட்டப் போனது.

ஓடிப் போய்ப் பார்த்தேன். புது வாசல் நிலைக்கு மேலே, தேசிக்காய்க்கும் செத்தல் மிளகாய்க்கும் படிகாரத்துக்கும் நடுவில், கறுப்புக் கயிற்றில், வேர் வானத்தைப் பார்க்கத் தொங்குகிறது. மொட்டு விழவில்லை. கழற்றித் தாருங்கோ என்று கேட்க வாய் திறந்தேன். மச்சாள் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோசலா, இத்தினை வருசமா ஆரின்ரையோ வாசலுக்கெல்லாம் நான் கோலம் போட்டனான். இது என்ரை வாசல். இனி ஒண்டும் வராது, என்ன?"

கண் கலங்கியிருந்தது. கட்டியதைக் குடிபூந்து ஒரு மாதம் ஆக முதல் அவிழ்ப்பது கூடாது என்பதில் மச்சாள் உறுதியானவர். முள்ளை வீட்டில் வைத்தால் சண்டை, வாசலில் தொங்கவிட்டால் காவல் என்பது அவர் சட்டம். நான் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

மே 28, ஞாயிறு

இவரோடு கதையில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அறைக்குள் வந்துவிட்டேன். முள்ளு வைச்ச வீட்டிலை சண்டை ஓயாதாம். மச்சாள் வென்றுவிட்டார்.

மே 29, திங்கள்

பெயின்ற் அடிக்கிற ஆட்களுக்குத் தேத்தண்ணி கொண்டுபோகிற சாட்டில் மூன்று முறை போய்ப் பார்த்தேன். மொட்டு இன்னும் நீண்டிருக்கிறது. நுனியை வளைத்து மேலே திருப்பியும் விட்டது. தலைகீழாய்க் கட்டினாலும் அதற்கு வானம் எந்தப் பக்கம் என்று தெரிகிறது.

கிறிஸ்ரிக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஐந்து நிமிடம் சிரித்தா. பிறகு சொன்னா: "பயப்பிடாதையும். கள்ளி உள்ளுக்குத் தண்ணி வைச்சிருக்கும். வேர் வெளியிலை கிடந்தாலும் பூக்கும். எனக்குப் பொய் சொன்னதைப் பற்றிப் பிறகு கதைப்பம்."

மே 31, புதன்

நாளைக்கு விரியும் போலிருக்கிறது. நாளைக்குத்தான் குடிபூரலும்!

ஒரு நாள் பூ. அந்த ஒரு நாளில் மகரந்தம் வைக்காவிட்டால் விதை இல்லை. தொங்குகிற செடி காய்ந்து போனால் நாலு வருடமும் போச்சு. வெள்ளைக் கள்ளியின் மகரந்தம் சிறு டப்பி ஒன்றில் பிறிஜ்ஜுக்குள் இருக்கிறது. ஆனால் சபை நடுவில் நிலைக்கு மேல் எப்படி ஏறுவது?

இவர் கதவடியில் நின்று, "ஏணி கொண்டுவரட்டோ?" என்றார். நான்கு நாளைக்குப் பிறகு கதைத்தேன். "வேண்டாம்," என்றேன். ஆனால் கோபமாகச் சொல்லவில்லை.

ஜூன் 1, வியாழன்

விடியப் போனபோது வாசலில் ஒரே சனம். ஒருவரும் உள்ளே போகவில்லை, எல்லாரும் அண்ணாந்தபடி.

பூத்திருந்தது.

என் இரண்டு கையும் சேர்ந்த அளவு. வெள்ளையும் இல்லை, சிவப்பும் இல்லை. உரித்த தோடம்பழச் சுளையின் செம்மஞ்சள் நிறம், விளிம்பில் மட்டும் கொஞ்சம் ரோசா. நடுவில் பச்சை நட்சத்திரம். நான் அழுதேன். சேலைத் தலைப்பால் துடைக்கவும் மறந்துபோனேன்.

மச்சாளின் முகம் வெளிறிப் போயிருந்தது. "ஐயா, கண்ணூறுக்குக் கட்டினது பூத்திட்டுது. நல்லதோ, கெட்டதோ?"

ஐயர் அண்ணாந்து பார்த்தார். "வந்த சனம் ஒண்டும் வீட்டைப் பாக்கேல்லை, அம்மா. பூவைத்தான் பாக்குதுகள். நீங்கள் கட்டினது வடிவா வேலை செய்யுது. கும்பத்தைத் தூக்குங்கோ, நேரம் போகுது."

பால் காய்ச்சி முடிந்ததும் மச்சாளைப் பிடித்தேன். "மச்சாள், ஒரு கதிரை வேணும்." ஏன் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"மொட்டெண்டு ஏன் ஒரு வார்த்தை சொல்லேல்லை?"

"கண்ணூறு பட்டிடும் எண்டு பயந்து போனன்."

"நீரோ?"

"ஓம், நான்தான்."

நிலைப்படியில் குந்தக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிற மனுசி அதிலேயே குந்தியிருந்து சிரித்தார். சிரித்து முடிந்து எழும்பி, கதிரையை இழுத்துப்போட்டு இரண்டு கையாலும் பிடித்தார். காஞ்சிபுரத்தோடு ஏறித் தூரிகையால் தடவினேன். கீழே நின்று, "பாத்து, பாத்து, பூவிலை இடிபடாதையும்," என்றார். நான் விழுந்தால் பரவாயில்லைப் போல.

ஜூன் 2, வெள்ளி

பூ சுருங்கிவிட்டது. கிறிஸ்ரிக்குப் படம் அனுப்பினேன். "ரெண்டு பேரும் தோத்திட்டம்," என்று பதில் வந்தது.

ஜூலை 2, ஞாயிறு

குடிபூந்து ஒரு மாதம் கழிந்ததும் மச்சாள் தானே கயிற்றை அவிழ்த்தார். பழம் பருத்திருக்கிறது.

"விதையை நீர் எடும். முள்ளு என்ரை வாசலைக் காத்தது, என்னட்டை நிக்கட்டும்."

சாடியில் நட்டு வாசற்படிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். நாலு வருடம் வளர்த்தது நான். அதற்கென்ன, பார்க்க வேலியைக் கடந்தால் போதும். நிலையில் இப்போது கற்றாழை தொங்குகிறது.

மே 12, 2024, ஞாயிறு

விதையில் முளைத்தது முப்பத்தெட்டு. கந்தோரில் புது மேலதிகாரி. இவருக்குச் சளி.

பின்னேரம் சீனி வாங்க மச்சாள் வீட்டுக்குப் போனேன். வாசலில் சாடியைக் காணவில்லை. மதில் ஓரம், ஒரு கடகம் கவிழ்த்திருந்தது.

"அதுக்குள்ளை என்ன, மச்சாள்?"

மச்சாள் வந்து கடகத்துக்கும் எனக்கும் நடுவில் நின்றார்.

"நத்தை," என்றார்.

"ஓம் மச்சாள், இந்த வருசம் நத்தை கூடத்தான்," என்று சொல்லிவிட்டுச் சீனியை வாங்கிக்கொண்டு வந்தேன்.