அடுப்பில்லாத கொதிப்பு

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். முதலில் அதை நம்பு. உன் இடுப்புவலி தேவலையா? பாப்பாவுக்குச் சளி விட்டதா?

இங்கே பழச்சாற்றைத் தொட்டிகளில் புளிக்கவைக்கிறோம். இவர்கள் அதை ‘ஃபெர்மென்ட்’ என்கிறார்கள். கொதிப்பதைக் குறிக்கும் பழைய லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம். முதல் நாளே மேஸ்திரி, “அடுப்பில்லாம கொதிக்குதுப்பா, ஜாக்கிரதை” என்றார். தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்புதான். சிரித்துவிட்டேன்.

காலியான தொட்டிக்குள் மெழுகுவர்த்தியைக் கயிற்றில் இறக்கிப் பார்த்த பிறகே இறங்க வேண்டும். நேற்று சாறு வடித்த தொட்டிக்குள் கரண்டி விழுந்துவிட்டது. கொதிப்புதான் அடங்கிவிட்டதே என்று சும்மா குனிந்தேன். கால் துவண்டது. கூட வேலை செய்யும் அண்ணன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டார். “புளிக்கும்போது வர்ற காத்து உள்ளேயே நிக்கும்டா, மூச்சை அடைச்சிடும்!” பிறகு மெழுகுவர்த்தியை இறக்கினார். ஒரு முழம் போவதற்குள் அணைந்துவிட்டது.

சின்ன விஷயம்தான். என் அம்மாவிடம் சொல்லாதே. எழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள். நாளைக்கு அதே தொட்டியை நான்தான் கழுவ வேண்டும்.

காலர் கிழிந்துவிட்டது. உன் மெஷினிலேயே ஒரு சட்டை தைத்து அனுப்பு. நிறம் எதுவானாலும் சரி, காலருக்கு மட்டும் மூன்று தையல் போடு.

மணி அடிக்கிறது, போகிறேன்.

பாப்பாவின் அப்பா