பூப் பறிக்கிற சொல்

இந்தக் கொப்பி யாருடைய கையிலாவது அகப்பட்டால், கெஞ்சிக் கேட்கிறேன், இந்த வரியோடு மூடிவிடுங்கள். அம்மாவிடம் கொடுக்க வேண்டாம். அப்பாவிடமும் வேண்டாம். எங்கள் வகுப்பில் யாரிடமும் வேண்டவே வேண்டாம்.

ஒக்டோபர் 10, வெள்ளி

மூன்று மணிக்கே இருட்டி மழை. மலைப் பக்கம் இடி. பூசிக் காயாத கம்பிவலை அலுமாரியை விறாந்தைக்குள் இழுத்ததில் என் சப்பாத்து முழுக்கப் பச்சைப் பெயின்ற்.

யாழ்ப்பாணத்திலிருந்து சிங்களம் பேசுகிற இந்த மலை ஊருக்கு வந்து மூன்று வருடம் வாடகை வீடு. இதுதான் முதல் சொந்த வீடு. அறுபது எழுபது வருடப் பழசு. குசினியை இத்தனை காலமும் யாரும் மாற்றவில்லை. அம்மா அதை அந்தக் காலத்துக் குசினியாகவே திருத்தப் போகிறார். அப்பா சொல்வது: "ஊரெல்லாம் பழசை எறிஞ்சுபோட்டுப் புதுசு பூட்டுது. கொம்மா மட்டும் கடை கடையா ஏறிப் பழசு வாங்கிறா."

அம்மாவின் பட்டியல், குசினிச் சுவரில் பென்சிலால்:

சுவர் – வெளிர் பச்சை. அலுமாரிக் கதவு – வெண்ணெய் நிறம்.
வட்ட மூலைப் பிரிட்ஜ் – கட்டுகஸ்தோட்டைப் பழைய சாமான் கடை. வேலை செய்யாது. உள்ளே அரிசி, பருப்பு வைக்கலாமாம்.
சிவப்புப் போர்மைக்கா மேசை – வந்துவிட்டது. ஒரு கால் ஆடுகிறது.
கறுப்பு உருண்டைச் சுவிச்சு – 6 வேண்டும். கிடைத்தது 4.
கேத்தில் டைல் – கழட்டி, சுவர் பூசி, திரும்ப ஒட்ட.

தண்ணீர்த் தொட்டிக்கு மேலே பதினான்கு மஞ்சள் டைல். ஒவ்வொன்றிலும் பழுப்பு நிறத்தில் ஒரு கேத்தில். கையால் கீறியவை, ஒன்றைப்போல் ஒன்று இல்லை. ஒன்றில் மூடி சரிந்திருக்கும், இன்னொன்றில் ஆவி வரும். அவற்றைப் பார்த்த பிறகுதான் அம்மா இந்த வீட்டுக்கே ஓம் சொன்னார். பின்னால் சுவர் ஊறி உப்புப் பூத்துவிட்டது.

நாளை சுனில் பாஸ் வருகிறார். மேசன்; இங்கே மேசன்மாரைப் பாஸ் என்றுதான் கூப்பிடுவது. வத்தேகமையிலிருந்து பஸ்ஸில். பக்கத்து வீட்டு ரீச்சர் பிடித்துத் தந்தவர். அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. அம்மா, அப்பாவுக்குச் சிங்களம் சாமான் வாங்கும் அளவுக்குத்தான். ரீச்சர் கொழும்பில் மகளிடம், வியாழன்தான் வருவார். ஆகவே அவரோடு பேச நான். போன வருடம் சிங்களத்தில் பரிசு எடுத்தவள்.

(அது வாசிப்புக்குத் தந்த பரிசு. பேச்சுக்கு இல்லை. வீட்டில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.)

ஒக்டோபர் 11, சனி

இன்றைக்கு எழுத்து கோணல்.

காலை நல்ல வெயில். பாஸ் எட்டு மணிக்கு வந்தார். நரைத்த மீசை. தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம் என்றார். என்னைத் "துவ" என்று கூப்பிட்டார். மகள் என்று அர்த்தம்.

அம்மாவும் அப்பாவும் பிரிட்ஜ் ஏற்றக் கட்டுகஸ்தோட்டைக்குப் போனார்கள். கேற்றடியில் அம்மா: "டைல் ஒண்டும் உடையப்படாது. ஒவ்வொண்டாக் கழட்டச் சொல்லு. விளங்குதோ?"

"ஓம் அம்மா."

கழட்டு என்பதற்குச் சிங்களம் வாயில் வரவில்லை. பாடப் புத்தகத்தில் பூப் பறிக்கிற பாடம் ஞாபகம் வந்தது. "மல் கடன்ன." பூப் பறி. பூவைப் பறிப்பதுபோல மெதுவாக, ஒவ்வொன்றாக. மிகப் பொருத்தமாகப் பட்டது. எனக்கே பெருமையாக இருந்தது.

"டைல் ஒக்கொம கடன்ன," என்றேன். எல்லா டைலையும்.

அவர் சுவரைப் பார்த்தார். பிறகு என்னை. "ஒக்கொமத, துவ?" எல்லாமா, மகள்?

"ஒவ்." ஓம்.

அறைக்குள் வந்து கணக்குச் செய்தேன். சுத்தியல் சத்தம் கேட்டது. வேலை என்றால் சத்தம் வரும்தானே.

அம்மா திரும்பி வந்து குசினி வாசலில் நின்றார். கத்தவில்லை. குந்தியிருந்து ஒரு துண்டை எடுத்தார். கேத்திலின் மூக்கு மட்டும். மற்றதெல்லாம் உரப் பையில். பாஸ் கூட்டி அள்ளித் துப்புரவாகக் கட்டி வைத்திருந்தார்.

"ஏன் உடைச்சவன் எண்டு கேள் பிள்ளை!"

கேட்டேன். அவர் என்னைக் காட்டி, "துவ தமய் கிவ்வே கடன்ன கியலா," என்றார். மகள்தான் உடைக்கச் சொன்னா என்று.

அப்போதுதான் விளங்கியது. பூவுக்கு என்றால் பறி. சுவருக்கு என்றால் உடை. இரண்டுக்கும் அதே சொல்.

"என்ன சொல்றான்?"

"சுவர் ஊறியிருந்தபடியால் தானா உடைஞ்சுதாம்."

இதை நான் சொன்னேன். நான்தான். பாஸ் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் சொன்னதைத்தான் சொல்கிறேன் என்று நம்பி, ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"தலையை வேற ஆட்டுறான்," என்றார் அம்மா. "துளி வெக்கமில்லை. இனி வரவேண்டாம் எண்டு சொல்லு."

அதை மட்டும் சரியான சிங்களத்தில் சொன்னேன்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

மழை இல்லை. பிரிட்ஜ் கூடத்தில் நடுவழியில் நிற்கிறது. யாரும் தள்ளி வைக்கவில்லை. இருமுறை முட்டிக்கொண்டேன்.

மத்தியானச் சோற்றை அப்படியே மூடி வைத்தேன். காய்ச்சலோ என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். தொட வேண்டாம் என்று இருந்தது.

கணக்கு மிச்சம். வரைபடத் தாள் வாங்க வேண்டும்.

ஒக்டோபர் 13, திங்கள்

இடைவேளையில் சிங்கள மிஸ்ஸிடம் கேட்டேன், ஒட்டியிருப்பதை உடையாமல் எடுப்பதற்கு என்ன சொல்வது என்று. "கலவன்ன" என்றார் உடனே. "ஏன் பிள்ளை, என்னத்தைக் கழட்டப் போறீர்?" சும்மா என்றேன்.

கலவன்ன. கலவன்ன. பஸ்ஸில் வரும் வழியெல்லாம்.

வீட்டில் அம்மா போனில் ரீச்சருக்குக் குரல் பதிவு அனுப்பிக்கொண்டிருந்தார், ஆங்கிலத்தில். ரீச்சரின் மேல்மாடிக் குளியலறை வேலையை பாஸ்தான் வெள்ளிக்கிழமை தொடங்க இருந்தவராம். கொடுக்கவே வேண்டாம் என்று சொன்னார்.

அப்பா: "விடுமப்பா, டைல்தானே."

அம்மா: "டைலுக்கில்லையப்பா. பிழை விட்டனான் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா விட்டிருப்பன். சுவரிலை பழியைப் போட்டான் பாருங்கோ. அதுக்குத்தான்."

நான் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரே பீங்கானையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

சொல்லலாம் என்று இரண்டு தரம் குசினிக்குப் போனேன். முதல் தரம் தண்ணீர் குடித்தேன். இரண்டாம் தரமும் தண்ணீர்.

தீபாவளிக்கு ஆறு நாள். அம்மா சுவருக்குப் பச்சைச் சாயம் மூன்று கோடு அடித்துப் பார்த்தார். மூன்றும் பிடிக்கவில்லை. தூரிகையைத் தண்ணீரில் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

ஒக்டோபர் 15, புதன்

பின்னேரம் தூறல். கேற்றில் யாரோ. சுனில் பாஸ். வேலை உடுப்பு இல்லை, வெள்ளைச் சேர்ட். கையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய பொட்டலம்.

அம்மா படியை விட்டு இறங்கவில்லை. "என்னவாம்? கேள்."

அவர் கேற்றின் மேலாலேயே விரித்துக் காட்டினார். இரண்டு மஞ்சள் டைல். கேத்தில் இல்லை, வெறும் மஞ்சள், ஆனால் அதே மஞ்சள். வத்தேகமையில் ஒரு பழைய வீடு இடிக்கிறார்களாம். இரண்டு நாள் தேடியதில் முழுதாகக் கிடைத்தது இவ்வளவுதானாம்.

பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்: "மட்ட வெரதுனாத, துவ?" எனக்குத்தான் பிழைத்துவிட்டதா, மகள்?

உண்மையாகவே கேட்டார். தனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று அந்த மனுசன் நாலு நாளாக யோசித்திருக்கிறார்.

"என்ன சொல்றான்?" அம்மா.

"எனக்கு விளங்கேல்லை."

"பரிசெடுத்த பிள்ளைக்கு விளங்கேல்லையோ?"

பாஸ் பொட்டலத்தை மதிலில் வைத்துவிட்டு பஸ் பக்கம் போனார். குடை இல்லை.

இப்போது பத்து மணி. குசினியில் வெளிச்சம். அம்மா மதிலில் இருந்ததை எடுத்து வந்துவிட்டார் போல, டைலைக் கழுவுகிற சத்தம்.

"மம வெரதியட கிவ்வே." நான் பிழையாகச் சொன்னேன். இதைப் பத்துத் தரம் சொல்லிப் பார்த்தேன், வருகிறது. தமிழில்தான் வரவில்லை.

நாளை ரீச்சர் வந்துவிடுவார். பாஸ் அவரிடம் சொல்லுவார், எல்லாம் தானாகத் தெரிந்துவிடும். ஆனால் அது நான் சொன்னதாக இருக்காது. இன்றைக்குச் சொன்னால்தான்

குசினி வெளிச்சம் அணைந்துவிட்டது. நடை இந்தப் பக்கம்.

தட்டுகிறார்.

"பிள்ளை, நித்திரையோ? அந்தாள் போகேக்க உன்னட்டை ஏதோ கேட்டவர் எல்லே. என்ன கேட்டவர்?"

தனக்குப் பிழைச்சுப்போச்சோ எண்டு கேட்டவர், அம்மா. இதிலிருந்து தொடங்கலாம். இதற்கு அடுத்தது